பேஸ்மென்ற்றில் காய்ந்த மோர்மிளகாய்

இதை எழுதுவதா விடுவதா என்று நான்கு வருடம் யோசித்தேன். படிப்புக் குறைவு, பிழை வரும் என்ற பயம் ஒன்று. கோயிலில் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள் என்ற வெட்கம் இன்னொன்று. போன கிழமை பக்கத்து ஊரான பிக்கரிங்கில் ஒரு வீட்டுக்குப் போனேன். சாம்பிராணிப் புகைக்குக் கத்துகிறது என்று, குளிக்கும்போது தலையில் போடும் பிளாஸ்டிக் தொப்பியை அவர்கள் ஸ்மோக் அலாரத்துக்கு மாட்டியிருந்தார்கள். அதைக் கண்ட பிறகு நித்திரை வரவில்லை.

எனக்கு வீட்டு வாசல்களுக்குக் கல் பதிக்கிற வேலை. மார்கழியில் பனியால் நிலம் இறுகிவிட்டால் சித்திரை வரும் வரை வீட்டில்தான். அந்த மாதங்களில் ஏதாவதொரு வீட்டுவேலை பழகுவேன். ஒரு வருடம் தையல் மெஷின். இன்னொரு வருடம் கத்தி தீட்டிப் பிடி போடுவது. அந்த வருடம் மனைவி சொன்னாள்:

“சோபாவில வேர் பிடிச்சுப் போச்சு உங்களுக்கு. மோர்மிளகாய் போடப் பழகுங்கோவன்.”

“இந்தப் பனிக்குள்ள வெயிலுக்கு எங்க போறது?”

“மூளை இருந்தால் வெயில் எதுக்கு?”

ரோசம் வந்துவிட்டது. ஒரு பெட்டி பச்சைமிளகாய் வாங்கி, கீறி, உப்புப் போட்ட மோரில் ஊறவைத்தேன். நிலத்துக்குக் கீழே பேஸ்மென்ற்றில், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் இருக்கும் அறையில் கம்பித் தட்டுகளை அடுக்கினேன். கீழே இரும்புச் சட்டியில் சிரட்டைக்கரி. இலையுதிர் காலத்தில் பின்வளவில் நானே சுட்டு எடுத்த கரி. குளிர்காற்று வராமல் ஜன்னல்களுக்கு ஏற்கனவே பிளாஸ்டிக் ஒட்டியிருந்தோம். படிக்கு மேலே இருந்த எங்கள் அலாரத்திலும் தொப்பி இருந்தது. வெள்ளிக்கிழமைச் சாம்பிராணிக்காக, ரப்பர் பட்டியை இரண்டு சுற்றுச் சுற்றி நானே கட்டியது. நல்லாய்ப் பிடித்த கரியில் புகை வராது. புகை வராவிட்டால் பயமில்லை. அவ்வளவுதான் என் அறிவு.

முதல் நாள் இரண்டு பேருக்கும் தலையிடி. பனிக்குளிர் என்று பிளேன்ரீ குடித்தோம்.

இரண்டாம் நாள் மத்தியானம் மனைவி குசினியில் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

“ஆரப்பா கீழ நடக்கிறது?”

“நான்தான் இங்க நிக்கிறனே.”

“அதுதான் கேக்கிறன். நீங்கள் இங்க. அப்ப கீழ ஆர்?”

எனக்கும் கேட்டது. ஒரு காலடி, பிறகு ஒரு இழுவை. மீண்டும் ஒரு காலடி. என் தகப்பனாருக்கு இடதுகால் இழுக்கும். அவர் போய்ப் பதினொரு வருடம். அந்த மாதம்தான் அவருடைய திவசம். பனி கொட்டுகிறது என்று கோயிலுக்குப் போகாமல் விட்டிருந்தோம்.

நான் கீழே இறங்கிப் பார்த்தேன். யாருமில்லை. தட்டில் மிளகாய்கள் சுருங்கிக் கிடந்தன. கரி சிவந்து கிடந்தது. ஆனால் முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சு விடுவது போல இருந்தது. விபூதி பூசினேன், தேவாரம் படித்தேன். வந்தவர் கோபத்தோடு போகக்கூடாது என்று இன்னும் கரி போட்டு, அதன் மேல் சாம்பிராணியும் தூவி, அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். பக்தியோடுதான் செய்தேன். அதுதான் எங்களைக் கொல்லப் பார்த்தது.

மூன்றாம் நாள் பின்னேரம் சோபாவில் இருந்த எனக்குக் கால் எழும்பவில்லை. மனைவியைக் கூப்பிட்டேன், பதில் இல்லை. பேஸ்மென்ற் படியில் அந்த நடை ஏறி வந்தது. காலடி, இழுவை. காலடி, இழுவை. மேல்படியில் நின்றது. அப்பா வாசலில் வந்து நின்றால் செருமுகிற அந்தச் செருமலும் கேட்டது. திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

அப்போதுதான் அலாரம் கத்தியது.

தவழ்ந்து போனேன். மனைவி குசினி நிலத்தில் கிடந்தாள். கையைப் பிடித்து இழுத்து வாசலைத் திறந்து, பனியில் இருவரும் விழுந்தோம். பக்கத்து வீட்டார் கூப்பிட்டுத் தீயணைப்புக்காரர் வந்து ஒரு சின்னக் கருவியைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்கள். கரிநெருப்பு விடும் நஞ்சுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை, மூளை மயங்கினால் இல்லாத சத்தமும் கேட்கும், உங்கள் அலாரம் புகைக்கு மட்டுமல்ல, இந்த நஞ்சுக்கும் சேர்த்துத்தான் என்று ஒருவர் எனக்கு விளங்கும்படி ஆறுதலாகச் சொன்னார். அதற்குத்தான் நான் தொப்பி கட்டியிருந்தேன்.

இரண்டு நாளில் மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தாள். மிளகாயைக் கொட்டினேன். சட்டியை எடுக்கக் கீழே போனபோது, கடைசிப் படியில் அந்தத் தொப்பி கிடந்தது. ரப்பர் பட்டி அறவில்லை. இரண்டு சுற்றும் அப்படியே இருந்தன.

“சூட்டுக்கு வழுக்கி விழுந்திருக்கும்,” என்றாள் மனைவி. பிறகு சிரித்தாள். “உங்கட அப்பா உயிரோட இருக்கேக்க ஒரு பல்ப் மாத்தினதில்லை. இப்ப ஏணி வைச்சு ஏறப்போறாரோ?”

அவள் சொல்வது சரியாக இருக்கலாம். அந்த மாதமே திவசம் செய்தோம்.

பிக்கரிங் வீட்டில் அன்று நான் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு வந்தேன். நாளைக்கு இந்தத் தாளோடு போகிறேன். வாசிக்கிற நீங்களும் உங்களுக்குத் தெரிந்த வீடுகளுக்கு இதைக் கொடுங்கள். ஆனால் உள்ளது உள்ளபடி கொடுங்கள். என் அப்பாவைப் பெரிதாக்காதீர்கள், என் மடைத்தனத்தைச் சின்னதாக்காதீர்கள். நடந்தது இவ்வளவுதான்.