பால் படக்கூடாத கல்

ஞாயிற்றுக்கிழமையானால் கல் பொறுக்கக் கிளம்பிவிடுவது என் பைத்தியம். அப்படித்தான் திருவாலங்காட்டுப் பக்கம், கிணறு வெட்டிக் கொட்டிய மண்மேட்டில் அது கிடைத்தது. சாம்பல் நிறக் களிமண் பாறை. தட்டியதும் ஏடு ஏடாகப் பிரிந்தது. உள்ளே மயிலிறகு போல ஓர் இலை பதிந்திருந்தது. வீட்டுக்கு வந்து மாமியாரிடம், "அத்தை, முருகனோட மயிலிறகு பாருங்க" என்று நீட்டினேன். அந்த விளையாட்டுப் பேச்சில்தான் எல்லா வினையும் தொடங்கியது.

படம் அனுப்பியபோது, கல்லூரியில் நிலவியல் நடத்தும் என் தோழி பிடிகொடுக்கவில்லை. சிற்றிலைகள் காம்பின் ஓரத்தில் ஒட்டியிருக்கின்றனவா, மேலே ஏறியிருக்கின்றனவா என்று தெரிந்தால்தான் இனம் சொல்ல முடியுமாம். நேரில் வருகிறேன், அதுவரை ஈரம் படக்கூடாது, பட்டால் சேறுதான் என்றாள். இதை நான் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் புரியாது என்ற திமிர்.

அவள் வந்த நாள் கிருத்திகை. ரயிலடியிலிருந்து அவளை அழைத்துவந்து பார்த்தால் அலமாரியில் கல் இல்லை. பூஜை அறைத் தாம்பாளத்தில், உடம்பெல்லாம் விபூதியோடு இருந்தது. அத்தை பால் செம்பைச் சாய்த்துக்கொண்டிருந்தார்.

"ஊத்தாதீங்க" என்று கத்தினேன். என் குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது. அவர் செம்பை நிமிர்த்துவதற்குள் நாலைந்து சொட்டு விழுந்தது. விழுந்த மூலை எங்கள் கண்ணெதிரே உப்பி உதிர்ந்தது. பதினைந்து வருடத்தில் நான் அவரை அதட்டியதே இல்லை. அவர் முகம் செத்துப்போனது. நான் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

தோழி தாம்பாளத்தை ஜன்னலருகே நகர்த்தி லென்ஸை வைத்தாள். கல்லை மூலை மூலையாகப் பார்த்தாள். பிறகு, விபூதி பூசியது யார் என்று கேட்டாள். அத்தை பயந்துகொண்டே, தான்தான் என்றார்.

அந்த விபூதி பள்ளங்களில் மட்டும் தங்கி, நான் பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்தும் காணாத கோடுகளையெல்லாம் வெள்ளையாகக் காட்டியிருந்தது. சிற்றிலைகள் காம்பின் மேலேதான் ஏறியிருந்தன. பூக்களே தோன்றாத காலத்து மரம், மயிலுக்கெல்லாம் மூத்தது என்றாள் தோழி. இலையடியில் அதன் விதைக் கூம்பும் தெரிந்தது; இரண்டும் இப்படி ஒட்டியே கிடைப்பது அபூர்வமாம்.

அத்தை செம்பை இன்னும் கீழே வைக்கவில்லை. மன்னிப்புக் கேட்கலாமென்று எழுந்தேன். அதற்குள் அவரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஆங், மரமாவே இருக்கட்டும். சாமி இல்லன்னா, நீ இன்னாத்துக்கும்மா அப்படி அழுதுகினு இருந்த?"