வாந்திபேதி கொடுத்த பால்

எனக்கு ஊர் நெரவி. வீட்டில் ஒரு கறவை மாடு உண்டு. காலையில் கறந்த பாலை அப்படியே தூக்கில் ஊற்றி, பஸ் ஏறிப் போய் காரைக்காலில் ஓர் அதிகாரி வீட்டில் கொடுப்பேன். என் ஆறு வயது மகளுக்கு வரக்காப்பிதான். பால் விற்கிற வீடுகளில் எங்கள் பக்கம் அதுதான் வழக்கம்.

போன மழைக்காலத்தில் எங்கள் ஊரில் வாந்திபேதி பரவியது. அதிகாரியின் மனைவி என்னை கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தினார்.

"உங்க ஊரு பாலு வேணாம். பவுடர் டின் வாங்கிட்டோம். நீயும் இந்தப் பக்கம் வராதே."

நேற்றுவரை அந்த வீட்டுப் பிள்ளைகள் குடித்து வளர்ந்தது இதே பால்தான். ஆத்திரத்தோடு திரும்பினேன். பாலைப் பொங்கப் பொங்கக் காய்ச்சி மகளுக்குக் கொடுத்தேன். நோய் அடங்கும்வரை தினமும் குடித்தாள். கன்னத்தில் சதை போட்டது.

பிறகு அதிகாரி வீட்டு வேலைக்காரம்மா வந்தார். "பழையபடி பாலு கொண்டாரச் சொன்னாங்க. டின் பாலுல காப்பி சப்புன்னு இருக்காம்."

மறுநாள் தூக்கைக் கழுவினேன். பார்த்துக்கொண்டிருந்த மகள் கேட்டாள்: "அம்மா, வாந்திபேதி மறுபடி எப்ப வரும்?"

பிணம் விழுந்த தெருவில் நின்றுகொண்டு, ஒரு டம்ளர் பாலுக்காக என் பிள்ளை அந்த நோயைத் தேடுகிறாள்.

இப்போதும் பால் கொண்டுபோகிறேன். அடுப்பு எரிய வேண்டுமே. பால் குறைகிறதே என்று அதிகாரியின் மனைவி முகம் சுளித்தார்.

"எம்பொண்ணு குடிச்சது போக மிச்சந்தாங்க இது" என்றேன்.