மல்லாவிக்குத் தென்மேற்கே 4.1 கடல்மைல்

கடந்த மாசி மாதம் ஆறு நாட்கள் வன்னியில் தனியாகத் திரிந்தேன். சிறு விமானங்களில் பயன்படுத்தும் கையடக்க ஜிபிஎஸ் ஒன்றைத் தரையில் வைத்துத்தான் வழி தேடினேன். அது எங்கெங்கே செய்மதிகளைத் தவறவிட்டது, எப்படித் திரும்பப் பிடித்தது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். பழைய கருவியோடு புறப்படுகிறவர்களுக்கு உதவலாம்.

கருவி என் கணவருடையது. ரொறன்ரோவுக்கு வடக்கே ஒரு சின்னத் திடலிலிருந்து, வார இறுதிகளில் இருவர் மட்டும் இருக்கக்கூடிய விமானத்தை ஓட்டுவார். நான் வலப்பக்க இருக்கையில் இருந்து தூரமும் திசையும் வாசிப்பேன். ஐந்து வருடங்களுக்கு முன் ஒரு மார்கழியில், தான் பிறந்த மல்லாவிப் பக்கம் போய்வர என்னையும் கூப்பிட்டார். அங்கே எனக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். பேச்சு முற்றியது. அவர் தனியாகவே போய் வந்தார். இரண்டு வருடங்களுக்கு முன் காலமானார்.

அவருடைய அலுமாரியை ஒதுக்கிய அன்று கருவியைச் சார்ஜில் போட்டுப் பார்த்தேன். சேமித்த இடங்களின் பட்டியலில், கனடாவின் விமானத் திடல்களுக்கு நடுவே 'வன்னி' என்று ஒன்று இருந்தது. அவர் போன வழியும் புள்ளிக்கோடாகப் பதிவாகியிருந்தது. மல்லாவியிலிருந்து புறப்பட்ட கோடு ஓரிடத்தில் முன்னும் பின்னுமாகக் கிறுக்கிவிட்டு நின்றது. ஒரு மணி நேரத்துக்கு மேல் அங்கே இருந்திருக்கிறார். மறுநாளும் அதே இடம். என்னிடம் அதைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. காணி வாங்கியிருப்பாரோ என்று நினைத்தேன். வேறு யாரும் இருந்திருப்பார்களோ என்றும் நினைத்தேன். முப்பத்திரண்டு வருடம் கூட வாழ்ந்தவரைப் பற்றி அப்படி நினைக்க வெட்கமாகத்தான் இருந்தது.

கொழும்பிலிருந்து காலை ரயிலில் வவுனியாவுக்கு வந்து, விடுதி அறையின் ஜன்னலில் கருவியை வைத்தேன். நாற்பது நிமிடமாகத் தேடிக்கொண்டே இருந்தது. பிழை என்னுடையது. கடைசியாக அணைத்தது கனடாவில். தான் இன்னும் அங்கேயே இருப்பதாக நினைத்து, அங்கத்தைய வானத்துச் செய்மதிகளை அது தேடிக்கொண்டிருந்தது. மேலே தகரக் கூரை வேறு. மெனுவில் 'புதிய இடம்' என்பதைத் தெரிவு செய்து, முற்றத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றேன். பதினெட்டாவது நிமிடம் ஏழு செய்மதிகள் வந்தன. சொல்லிச் சந்தோஷப்பட முற்றத்தில் யாரும் இல்லை.

ஏன் போனிலேயே பார்க்கக்கூடாது என்று கேட்பீர்கள். இடத்தைப் போனிலும் போட்டுப் பார்த்தேன். பாதையே இல்லாத பச்சைத் திட்டைக் காட்டியது. அவர் நடந்த கோடு கருவியில்தான் இருந்தது.

மறுநாள் காலை 7.10 பஸ்ஸில் ஏறி, புளியங்குளம் தாண்டி மாங்குளத்தில் இறங்கினேன். அங்கே நாள் முழுவதற்கும் 7,500 ரூபாய்க்கு ஓட்டோ பேசினேன். ஓட்டுநர் நவ்ஷாத்துக்கு ஐம்பது வயதிருக்கும். முல்லைத்தீவில் பிறந்து, புத்தளத்தில் இருபது வருடம் இடம்பெயர்ந்து இருந்துவிட்டுத் திரும்பியவர். அங்கே றேடியோ திருத்தும் கடையில் வேலை செய்ததாகச் சொன்னார். அதிகம் கதைக்கவில்லை. எனக்கும் அது பிடித்திருந்தது.

மல்லாவிச் சந்திக்கு 21 கிலோமீற்றர். அங்கே கருவி தென்மேற்கே 4.1 என்றது. விமானக் கருவி கடல்மைலில் சொல்லும், அதுவும் நேர்கோட்டுத் தூரம். ஏறத்தாழ ஏழரை கிலோமீற்றர். பாதையால் பதினொன்று ஓடவேண்டியிருந்தது.

கிறவல் மண் பாதையில் இறங்கியதும் கருவியின் பற்றரி குறைவதைக் கண்டு, றேடியோ பாடிக்கொண்டிருந்த ஓட்டோவின் சார்ஜரில் செருகினேன். இரண்டு நிமிடத்தில் செய்மதிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. அன்ரனாவைக் கழற்றி மாட்டினேன். கூரைக்கு வெளியே கையை நீட்டிப் பிடித்தேன். அணைத்துப் போட்டேன். ஒன்றுக்கும் மசியவில்லை. அவர் கோடு திரையில் தெரிந்தது. நான் எங்கே நிற்கிறேன் என்பதுதான் தெரியவில்லை. இவ்வளவு தூரம் வந்து இப்படித் திரும்புவதா என்று கண் கலங்கியதை நவ்ஷாத் கண்ணாடியில் பார்த்திருக்கவேண்டும். ஓட்டோவை நிறுத்தினார்.

"அக்கா, அந்த வயரைக் கழட்டிப் பாருங்கோ. அதைக் குத்தினாப் பிறகுதான் றேடியோவும் இரையுது."

கழற்றினேன். றேடியோ தெளிந்தது. ஒரு நிமிடத்துக்குள் ஐந்து செய்மதிகள். மலிவான சார்ஜர்கள் எழுப்பும் இரைச்சல் ஜிபிஎஸ்ஸின் மெல்லிய அலையை மூடிவிடும் என்று நவ்ஷாத் விளக்கினார். இனிப் பழைய பற்றரிதான் கதி. அரை மணி நேரம் தாங்கும் என்று கணக்கிட்டு, பாதை பிரியும் இடங்களில் மட்டும் போட்டுப் பார்த்தேன்.

கடைசி எண்ணூறு மீற்றர் நடை. நவ்ஷாத் ஓட்டோவோடு நின்றுகொண்டார். பாலை மரங்கள் அடர்ந்த இடத்தில் கருவி மறுபடியும் தடுமாறி, திரையில் என்னைக் குளத்துக்கு நடுவே கொண்டுபோய் வைத்தது. வெளியான இடத்துக்கு வந்து, உடம்பு மறைக்காதபடி தோளுக்கு மேலே பிடித்து, அசையாமல் நான்கு நிமிடம் நின்றேன். சரியாகிவிட்டது. கோடு ஒரு சிறிய குளத்தின் கட்டுக்கு மேலே ஏறியது. 'வன்னி' என்ற புள்ளி, வயலுக்கு நீர் திறக்கும் துருசின் மேல் இருந்தது. சீமெந்துச் சுவர், துருப்பிடித்த சக்கரம். வீடில்லை, வேலியில்லை. கொக்குகள் நின்றன. இதற்காகவா என்று அந்தச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன்.

கட்டுக்குக் கீழே மாடு கட்டிக்கொண்டிருந்த பெண் என்னைக் கண்டு மேலே வந்தார். பெயர் பரமேஸ்வரி, பக்கத்து வயல் அவர்களுடையது. ஐந்து வருடத்துக்கு முன் இங்கே ஒருவர் வந்தாரா என்று கேட்டு, போனில் இருந்த படத்தைக் காட்டினேன்.

"ஓம் அக்கா, இந்த ஐயாதான். போனை உயர்த்திப் பிடிச்சுக்கொண்டு குளக்கட்டிலை அங்காலையும் இங்காலையும் நடந்தவர். கவரேஜ் தேடுறன் எண்டார். துருசுக்கு மேலை ஏறினா ரெண்டு கோடு வரும் எண்டு நான்தான் காட்டினனான்."

யாருக்கு எடுத்தார் என்று கேட்டேன்.

"மனிசிக்கு. அண்டைக்குக் குளம் நிரம்பி, மிச்சத் தண்ணி வான் பாஞ்சுகொண்டிருந்தது. அந்தச் சத்தத்தை அவாவுக்குக் கேக்கப் பண்ணவேணும் எண்டார். மூண்டு நாலு தரம் எடுத்தவர். அவா எடுக்கேல்லை. நித்திரையாக்கும் எண்டிட்டு, அடுத்த நாளும் வந்தவர்."

அப்போது பின்னேரம் நாலரை இருக்கும் என்றார். ரொறன்ரோவில் காலை ஆறு மணி. நான் ஐந்து மணிக்கே எழும்புகிறவள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். எனக்கும் அந்தக் காலை ஞாபகம் இருக்கிறது. குசினி மேசையில் போன் அடித்தது. இலங்கை இலக்கத்தைப் பார்த்துவிட்டு அதைக் குப்புறக் கவிழ்த்து வைத்தேன். மறுநாளும் அப்படித்தான். முன்பின் தெரியாத ஒருவரிடம் என்னை விட்டுக்கொடுக்காமல், நித்திரை என்று சொல்லியிருக்கிறார். வீடு திரும்பிய பிறகும் ஏன் எடுக்கவில்லை என்று அவர் கேட்கவில்லை.

நீங்கள் அவருக்கு என்ன முறை என்று பரமேஸ்வரி கேட்டார்.

"நான்தான் அந்த மனிசி" என்றேன்.

அவர் இறங்கிப் போனார். சிறிது நேரத்தில் வெறும் தேநீரும் சீனியும் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நீர், வான் பாயும் கலிங்குக்கு மூன்று முழம் கீழே இறங்கியிருந்தது. காற்றுச் சத்தம் மட்டும்தான். நான் அழுது முடியும்வரை அவர் எழும்பவில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பழைய கருவியின் பற்றரியை வீட்டிலேயே மாற்றிவிடுங்கள். சார்ஜரை முதலில் சந்தேகியுங்கள். நாடு மாறியதும் வெளியான இடத்தில் கால் மணி நேரமாவது வையுங்கள். காட்டோரங்களில் மிதிபட்ட பாதையை விட்டு இறங்கவேண்டாம். யானை நடமாட்டம் உண்டு, நாலரைக்குள் தார் வீதிக்கு வந்துவிடுங்கள். மல்லாவிக்கு அப்பால் போன் பெரும்பாலும் வேலை செய்யாது. குளங்கள் வான் பாய்வதைப் பார்க்க விரும்பினால் மாசியில் போகாதீர்கள். மழை நன்றாகப் பெய்தால் மார்கழி, தை.

புறப்படும்போது பரமேஸ்வரி என் இலக்கத்தைக் கேட்டு வாங்கித் தன் போனில் பதிந்துகொண்டார். இலங்கையிலிருந்து எடுத்தால் செலவாகும், நானே எடுக்கிறேன் என்றேன். அவர் கேட்கவில்லை.

"வான் பாயத் துடங்கினா உந்தத் துருசிலை ஏறி நிண்டு எடுக்கிறன் அக்கா. எந்த நேரமெண்டாலும் நீங்கள் எடுங்கோ."

எடுப்பேன் என்று சொல்லிவிட்டுக் குளக்கட்டிலிருந்து இறங்கினேன்.