பல் தெரிய ஒரு படம்

பல் பிடுங்கிக்கொள்ளப் போகிற ஒரு பெண்மணி, அதற்கு முன்னால் வாய் நிறையச் சிரித்து ஒரு படம் எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டபோது, "சிரிக்காதம்மா, இயல்பா இரு" என்று சொன்ன புண்ணியவான் நான்தான். சட்டைப் பையில் நல்ல போன் இருந்தது. அரை நிமிடத்தில் பத்துப் படம் எடுத்துக் கையோடு காட்டியிருக்கலாம். எடுக்கவில்லை. ஏனென்றால் நான் அப்போது கலைஞனாக இருந்தேன். அறுபத்தோரு வயதில் கலைஞனாவது அம்மைக்கட்டு மாதிரி. சின்ன வயதிலேயே வந்து போயிருந்தால் இவ்வளவு வீங்கியிருக்காது.

வேலையில் இருந்தவரை கரண்ட் மீட்டர் ரீடிங் எடுத்தவன் நான். பழவேற்காட்டைச் சுற்றியுள்ள குப்பங்களில் எந்த வீட்டு மீட்டர் எந்தச் சுவரில் இருக்கிறது, எதன் மேல் குளவி கூடு கட்டியிருக்கிறது என்பதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வீட்டுக்காரர்கள் முகம்தான் ஞாபகம் இருக்காது. ரிட்டயரானதும் பொன்னேரி வீட்டில் படுத்துத் தூங்க ஆரம்பித்தேன். தூங்கத் தூங்க அசதி கூடியதே தவிரக் குறையவில்லை. பொறுத்துப் பார்த்த என் மனைவி, தண்ணி மோட்டாரின் வாரண்டி கார்டைத் தேடச் சொல்லி ஒருநாள் என்னைப் பரண்மேல் ஏற்றிவிட்டாள். கார்டு கிடைக்கவில்லை. கல்யாணமான புதிதில் வாங்கிய பிலிம் கேமரா கிடைத்தது. மகளின் முதல் பிறந்தநாளோடு அதைத் தூக்கிப் போட்டிருந்தேன். தோல் உறை முழுக்கப் பூஞ்சை. லீவரை இழுத்து பட்டனை அழுத்தினேன். 'க்ளக்' என்றது. வீட்டில் என் பேச்சுக்கு உடனே பதில் சொன்ன பொருள் அது ஒன்றுதான் என்பதால் மனம் இளகிவிட்டது.

பொன்னேரியில் ரோல் கழுவ ஆள் கிடையாது. ஸ்டுடியோக்காரர், "அந்த மிஷினெல்லாம் காயலான் கடைக்குப் போய் மாமாங்கம் ஆச்சு சார்" என்று சொல்லி, என்னையும் அந்தக் கடை வரை கூட்டிப்போய்விடலாமா என்பது போலப் பார்த்தார். சென்னைக்குக் கூரியரில் அனுப்பி, மூன்று வாரம் காத்திருந்து, பிரிண்ட் போட்டு வாங்க வேண்டும். வந்த படங்களை என்ன செய்வது? கோர்ட்டுக்கு எதிரே கேஸ் கட்டுகளைத் தைத்துக் கொடுக்கிற பைண்டர் ஒருவர் இருக்கிறார். தடித்த தாளில் படங்களை ஒட்டி அவரிடம் கொடுத்தேன். அரக்கு நிறக் காலிகோ துணி போட்டுத் தைத்துக் கொடுத்தார். அதனால் என் போட்டோ புத்தகங்கள் எல்லாம் பார்வைக்கு பாகப்பிரிவினை வழக்கு மாதிரிதான் இருக்கும்.

முதல் புத்தகம் முழுக்கச் சுவர்கள். பழக்கதோஷம். மனைவி கடைசிப் பக்கம் வரை பொறுமையாகப் புரட்டிவிட்டுக் கேட்டாள்: "ஒரு ஆள்கூட இல்லியே. கேமராவைத் தூக்கிக்கிட்டு நீங்க வர்றதைப் பாத்து எல்லாரும் ஓடிட்டாங்களா?"

இரண்டாவது புத்தகத்தில் ஆட்களைப் போட்டே தீருவது என்று பழவேற்காடு ஏரிக்குப் போனேன். பொன்னேரியிலிருந்து காலை பஸ். கோட்டைக்குப்பம் தாண்டி ஒரு சின்னக் குடியிருப்பு, அதற்குப் பின்னால் ஆழமில்லாத தண்ணீர். ஆட்களை எடுக்க வந்தவன் அங்கே நின்று ஒரு கொக்கின் காலை எடுத்துக்கொண்டிருந்தேன். தண்ணீருக்குள்ளிருந்து குரல் வந்தது.

"கரண்ட்டு சார், இங்க இன்னா ரீடிங் எடுக்கற?"

இடுப்பளவு தண்ணீரில் ஒரு பெண் குந்தியிருந்தாள். ஐம்பதுக்கு மேல் இருக்கும். வழக்கம்போல முகம் ஞாபகமில்லை. வேப்பமரத்தை ஒட்டிய வீடு என்றாள். உடனே நினைவு வந்துவிட்டது: மீட்டர் கதவுக்கு இடப்பக்கம், கண்ணாடி விரிசல். "நீயாம்மா!" என்றேன், பழகிய முகத்தைப் பார்த்த மாதிரி.

அங்கே கையால்தான் இறால் பிடிக்கிறார்கள். தண்ணீரில் உட்கார்ந்து நகர்ந்தபடி இரண்டு கையாலும் சேற்றைத் துழாவ வேண்டும். தட்டுப்பட்டதும் அமுக்கி எடுத்து, பறி என்கிற ஓலைக் கூடையில் போட வேண்டும். இரண்டு கையும் சேற்றில் இருப்பதால் பறியின் கயிற்றை வாயில் கடித்துக்கொள்கிறார்கள். கூடை மோவாய்க்குக் கீழே தொங்கும். காலையில் கடித்தால் வெயில் ஏறும் வரை கடித்தபடியே. என்னைக் கிண்டல் செய்வதற்காகத்தான் அன்று கயிற்றை வாயிலிருந்து எடுத்திருந்தாள்.

"கழுத்துல கட்டிக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"குனியசொல்ல பறி முங்கிப்பூடும் சார். எறா தப்பிச்சிக்கும். வாயில இருந்தா தலயத் தூக்கிக்கினு வேல பாக்கலாம்." சொல்லிவிட்டு மறுபடி கடித்துக்கொண்டாள். உரையாடல் முடிந்தது.

நாலைந்து தடவை போனேன். பஸ்ஸில் இடம் கிடைக்காது. முட்டி வலிக்கும், கரையில் நின்றே தலை சுற்றும். அவள் அந்த வெயிலில் தண்ணீருக்குள் நகர்ந்துகொண்டேயிருப்பாள். கரையேறும்போது விரல்கள் ஊறி வெளுத்து வேறு யாருடைய கையோ போல இருக்கும். தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அவளுக்கு வேலை செய்த களைப்பு, எனக்கு அதை வேடிக்கை பார்த்த களைப்பு.

சுவர்ப் புத்தகத்தை ஒருநாள் அவளிடம் காட்டினேன். புரட்டினாள்.

"சொவுரா எடுத்துத் தள்ளிக்கீற. சொவுரு இன்னா கேட்டுச்சா?" என்றாள். பிறகு தையலை இழுத்துப் பார்த்தாள். "கெட்டியாத்தான் கீது. பிஞ்சி வராது இல்ல?"

"வராதும்மா. கோர்ட்டுத் தையல்."

"அப்ப என்னை ஒண்ணு எடுத்து இதுல போடு சார். பல்லு தெரிய."

மேல்வரிசைப் பற்களில் முன்பக்கம் நான்கும் ஆடிக்கொண்டிருந்தன. வருடக்கணக்காகக் கயிறு கடித்ததில் ஈறு போய்விட்டது. வருகிற திங்கட்கிழமை பொன்னேரி ஆஸ்பத்திரியில் நான்கையும் எடுக்கப் போகிறார்கள். அவள் சிரிக்கிற மாதிரி ஒரு படம்கூட இல்லை. கல்யாணப் படத்தில் பெண் பல்லைக் காட்டக் கூடாது என்று யாரோ அதட்டியிருக்கிறார்கள். ரேஷன், ஆதார் அட்டைகளுக்கு எடுத்த படம் ஒவ்வொன்றிலும் உம்மென்று இருக்கிறாள்.

"போன்ல யாரும் எடுக்கலியா?"

"மருமவன் எடுப்பான். போனு ஏரில வுழுந்துச்சி. பேத்தி பொறந்த நாள்லருந்து எடுத்ததெல்லாம் இப்ப மீனுதான் பாத்துக்கினு கீது. போன்ல எடுத்தது போனோட பூடும் சார். பொஸ்தவத்துல போடு."

என் நாற்பது சுவர்களுக்குக் கிடைத்த ஒரே மரியாதை அது. சனிக்கிழமை வருவதாகச் சொன்னேன்.

சனிக்கிழமை போனேன். ஒழுங்காக அந்த ஒரு படத்தை முதலில் எடுத்திருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது. அன்று மேகமூட்டம், மெத்தென்ற வெளிச்சம். கலைஞனுக்குக் கை அரித்தது. பறி, கயிறு, கயிற்றைக் கடித்த வாய், முதுகு, சேறு சொட்டும் முழங்கை என்று எடுத்துத் தள்ளினேன். வேலை முடித்து அவள் கரையேறி, முகம் கழுவி, முடியைத் தண்ணீர் தொட்டு வாரிக்கொண்டு, "ம், எடு சார்" என்று எதிரே வந்து நின்றபோது கேமராவில் எண்ணைப் பார்த்தேன். முப்பத்தைந்து. முப்பத்தாறு படம் பிடிக்கிற ரோலில் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. மாற்று ரோல் கொண்டுவரவில்லை.

அவள் 'ஈ' என்று பல்லைக் காட்டினாள். பார்க்க ஆஸ்பத்திரியில் காட்டுகிற மாதிரி இருந்தது. அப்போதுதான் அந்த மகாவாக்கியத்தைச் சொன்னேன்.

"சிரிக்காதம்மா, இயல்பா இரு."

"பல்லு தெரியணும்னு சொன்னனே சார்."

"தெரியும்மா. நீ பேசிக்கிட்டே இரு. சிரிப்பு தானா வரும். வர்றப்ப புடிச்சுக்கிறேன்."

"எறா புடிக்கற மாதிரியா?"

"அதே மாதிரி."

"மொறச்சிப் பாத்துக்கினே இருந்தா எறா வராது சார்."

நான் முறைத்துப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். இடது கண்ணை மூடி, வலது கண்ணைக் கேமராவில் வைத்து, அவள் முழுசாக வரவேண்டும் என்று ஓரடி பின்னால் போனேன். இன்னும் ஓரடி. அங்கே தரை இல்லை, சேறு. அப்படியே உட்கார்ந்தேன். இடுப்பு போனாலும் பரவாயில்லை என்று கேமராவை மட்டும் இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அவள் சிரித்தாள்.

சேற்றில் உட்கார்ந்தபடி பார்த்தேன். அத்தனை பல்லும் தெரிந்தது. ஆடுகிற நான்கும், அவற்றில் கயிறு தேய்த்த பள்ளமும், கடைவாயில் ஒரு கறுப்பும். கண்ணில் தண்ணீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஐய, கரண்ட்டு சாரு கரண்ட்டு கட்டு!" என்று கத்திக்கொண்டு சிரித்தாள். அந்த ஊரில் நான் பார்த்ததிலேயே நல்ல படம் அது. கேமரா என் தலைக்கு மேலே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எழுந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, போகஸ் திருப்பி அழுத்தினேன். 'க்ளக்'. லீவர் அதற்குமேல் நகரவில்லை. ரோல் தீர்ந்தது.

"வந்திருக்குமா சார்?"

தெரியாது என்பதுதான் உண்மை. பேன்ட் நனைந்து சில்லிட்டிருந்தது, பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது, வெட்கமாக வேறு இருந்தது. "சூப்பரா வந்திருக்கும்மா" என்றேன். அப்போதாவது போனை எடுத்திருக்கலாம். அது பாட்டுக்குச் சட்டைப் பையில் நனையாமல் பத்திரமாக இருந்தது.

திங்கட்கிழமை நான்கு பல்லையும் எடுத்துவிட்டார்கள். படம் மூன்று வாரம் கழித்து வந்தது. முப்பத்தாறாவது படத்தில் அவள் முந்தானையால் கண்ணோரத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். சிரிப்பில் ஏறிய கன்னம் இன்னும் இறங்கவில்லை. உதடு மூடியிருக்கிறது. நல்ல படம்தான். அதுதான் கொடுமை. மற்ற முப்பத்தைந்தையும் மேஜையில் பரப்பித் தேடினேன். பல் தெரிகிற படம் ஏழு இருந்தது. ஏழிலும் பல்லுக்கு நடுவே கயிறு.

மனைவி எட்டிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா அவங்க கேட்டது இது இல்லியே" என்று சொல்லிவிட்டுக் காய் நறுக்கப் போய்விட்டாள்.

வேறு என்ன செய்வது என்று தெரியாமல் புத்தகமாகவே தைக்கக் கொடுத்தேன். பைண்டர் ஒவ்வொரு படமாகப் பார்த்துவிட்டு, "இந்தம்மாதான் வாதியா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். புத்தகம் தயாரான பிறகும் இரண்டு வாரம் முட்டிவலி என்று சொல்லிக்கொண்டு படுத்திருந்தேன். முட்டி நன்றாகத்தான் இருந்தது.

கடைசியில் போனேன். அவள் தண்ணீரில்தான் இருந்தாள். பறி கழுத்தில் தொங்கியது. குனியும்போதெல்லாம் அது முங்க, ஒரு கையால் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் மட்டும் துழாவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். மேலுதடு உள்ளே மடிந்து, ஆளே வேறு மாதிரி இருந்தாள். இந்த முறை எனக்கு அந்த முகம் நன்றாக ஞாபகம் இருந்தது.

கையைப் புடவையில் இரண்டு தடவை துடைத்துக்கொண்டு புத்தகத்தை வாங்கினாள். பறியை, முதுகை, முழங்கையை அவசரமாகத் தள்ளினாள். கயிறு கடித்த படங்களில் கொஞ்சம் நின்று பார்த்தாள். கடைசிப் பக்கம் வந்தது. நான் வாயைத் திறந்தேன். ரோல், முப்பத்தைந்து, சேறு, போகஸ் என்று என்னென்னவோ சொன்னேன். பொய் சொன்னதையும் சொன்னேன். அவள் அந்தப் பக்கத்தின் பின்னால் இன்னொரு பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று நகத்தால் பிரித்துப் பார்த்தாள். இல்லை.

புத்தகத்தை மூடி, கரையில் காய்ந்த இடமாகப் பார்த்து வைத்து, அதன் மேல் தன் துண்டைப் போட்டு மூடினாள்.

"பல்லு செட்டு எப்பம்மா குடுக்கறாங்க?"

ஈறு ஆறணும், மாசக்கணக்கில் ஆகும் என்று கையால் சைகை காட்டினாள்.

"வந்ததும் மறுபடி எடுக்கறேம்மா. ரோல் முழுக்க நீதான். முப்பத்தாறும் சிரிப்புதான், நீ எப்படிக் காட்டினாலும் சரி. புதுசா தைச்சு எடுத்துக்கிட்டு வரேன்."

அவள் பறிக் கயிற்றைக் கழுத்தில் இறுக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். முழங்கால் நனைகிற ஆழம் வந்ததும், திரும்பாமலே சொன்னாள்.

"போன்ல எடு."