கங்காணி என்னும் கடவுள்

சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவின் குரல் கேட்டது. சாயங்கால நேரம். நான் அடுப்படியில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"ஏண்டி, காது அடச்சிப் போச்சா? பெரட்டுக்கு நேரமாச்சி. கங்காணி வந்து நிப்பான். வாடி சனியனே, வா."

சொல்லி முடித்ததும் மறுபடி முதலிலிருந்து அதையேதான். கொஞ்சம் அமுங்கின குரல், ஆனாலும் அந்த இழுவை வேறு யாருக்கும் வராது.

அக்காவை நிக்கோபாரில், கட்சால் தீவில் சுனாமி கொண்டுபோய்விட்டது. உடல் கிடைக்கவில்லை. வீட்டோடு போட்டோவும் போயிற்று. அதற்குப் பிறகுதான் நான் மகனோடு போர்ட்பிளேர் வந்து இந்த டாலிகஞ்ச் வீட்டில் இருக்கிறேன். பேய் பிசாசு என்று நடுங்குகிற ஆள் நான் இல்லை. கையைக் கழுவினேன். சேலையை உதறிச் சரிசெய்துகொண்டேன். போய்ப் பக்கத்துப் போர்ஷன் கதவைத் தட்டினேன்.

அங்கே குடியிருப்பது ஒரு பெங்காலி டீச்சர். வடக்கே மாயாபந்தரில் பிறந்து வளர்ந்தவள், நாற்பது வயசு இருக்கும், மாற்றலாகி வந்து தனியாக இருக்கிறாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்குப் பெங்காலி தெரியாது. தீவு இந்தியில்தான் பேசிக்கொள்வோம்; என்னை மாசி என்பாள், சித்தி என்று அர்த்தம். அதைத்தான் இங்கே தமிழில் சொல்கிறேன்.

"டீச்சர், உள்ள யாரு?"

"யாருமில்ல மாசி. டிவி நாடகம், ரொம்பப் பழசு. சத்தம் ஜாஸ்தியா?"

"சத்தம் கெடக்கட்டும். பேசுறது எங்க அக்கா."

அவள் சிரித்துவிட்டாள். "அரே மாசி, அது மனுஷ பாஷையே இல்ல. வேற கிரகத்துக்காரி பேசுறா."

"எங்க அக்காவப் பாத்து அப்படிச் சொன்னவங்க நெறைய பேரு. வழிய விடு."

கம்ப்யூட்டர் முன்னால் என்னை உட்கார வைத்தாள். படத்தில் கறுத்த தோலும் வெள்ளிக் கூடைத் தலையுமாக ஒரு உருவம் நின்றது. எனக்கு முதலில் மரங்கள்தான் தெரிந்தன. வரிசை வரிசையாக ரப்பர், மரத்துக்கு ஒரு கோப்பை. அப்புறம் அந்த உருவம் இடது கையை இடுப்பில் வைத்துத் தலையைச் சாய்த்தது. அதற்கு மேல் எனக்குச் சாட்சி வேண்டியிருக்கவில்லை. மூன்று தரம் போடச் சொல்லிக் கேட்டேன். அழவில்லை.

டீச்சர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மாயாபந்தரில் அடுத்த வீட்டு ஜன்னலில் தொங்கிக்கொண்டு பார்த்த நாடகமாம் அது. ராக்கெட்டில் ஏறிக் கிரகம் கிரகமாகப் போகிற கதை. அதன்மேல் பைத்தியமாக இருப்பவர்கள் நாடு முழுக்க இருக்கிறார்கள். அவர்களுக்காக இவள் அவ்வப்போது ஒரு சின்னப் புத்தகம் போடுகிறாள். கதையை எழுதுவதில்லை, கதைக்குப் பின்னால் நடந்ததைத்தான் எழுதுகிறாள். ராக்கெட்டை எதில் செய்தார்கள், உடுப்பை யார் தைத்தது, மழை வந்த நாளில் என்ன செய்தார்கள், இப்படி. பள்ளிக்கூடம் விட்டு வந்து தானே டைப் அடித்து, டவுன் கடையில் அச்சுப்போட்டு, வீட்டில் மடித்து ஸ்டேப்ளர் பின் அடித்துத் தபாலில் அனுப்புவாள். சுவருக்கு அந்தப் பக்கம் டக் டக்கென்று கேட்கும்போதெல்லாம் மசாலா தட்டுகிறாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

இந்தத் தடவை புத்தகம் முழுக்க அந்தக் கிரகத்துப் பாஷையைப் பற்றி. வருஷக்கணக்காக உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தம் கண்டுபிடித்து அகராதியே போட்டிருந்தாள். கடைசியாக ஒருமுறை சரிபார்க்கத்தான் அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டிருக்கிறாள்.

நான் நடந்ததைச் சொன்னேன்.

சிலோன் மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த எங்களை இந்தியாவுக்கு அனுப்பி, கட்சாலில் ரப்பர் கத்தியைக் கையில் கொடுத்தார்கள். அந்தத் தோட்டத்துக்குத்தான் நாடகம் எடுக்க டெல்லிக்காரர்கள் கப்பலில் வந்து இறங்கினார்கள். மரத்திலிருந்து வெள்ளையாகப் பால் வடிவதைப் பார்த்துவிட்டு டைரக்டர், இது பூமியிலேயே இல்லாத இடம் என்று குதித்தார். எங்களுக்கு அது வேலைக்காடு. கிரகத்துக்காரர்களின் தோலைச் செய்தது எங்கள் புகைக்கூடத்து ரப்பர் ஷீட்டில்தான். தலைக்கு மூங்கில் கூடை, மேலே சிகரெட் பெட்டி வெள்ளித்தாள். அக்காவும் நானும் உடுப்பு மாட்டிவிடவும் தண்ணீர் கொடுக்கவும் நின்றோம்.

அந்தக் கிரகத்து ராணியாக நடிக்க ஒரு பம்பாய் நடிகை வந்திருந்தாள். நல்ல பெண். வரிசை வீடுகளான எங்கள் லயத்துப் பிள்ளைகள் கன்னத்தையெல்லாம் தடவிக் கொடுப்பாள். முக்கியமான காட்சி அன்றைக்கு, வெயிலில் அந்த ரப்பருக்குள் வெந்து மயங்கி விழுந்துவிட்டாள். மரத்தடியில் படுக்கவைத்துத் தலையில் ஈரத்துண்டு போட்டது நான்தான். கப்பல் காத்திருக்கிறது, ஆள் இல்லை. அக்கா அதே உயரம். ஷீட்டை அவளுக்கு மாட்டி, கூடையைக் கவிழ்த்தார்கள்.

பூமிக்காரன் இவளை விட்டுப் போகிறான், இனி வரவே மாட்டான், கோபமும் இருக்கிறது, பாசமும் இருக்கிறது, உன் பாஷையில் எதையாவது சொல் என்றார் டைரக்டர். அக்கா சுற்றிப் பார்த்தாள். கேமராவுக்குப் பின்னால் தண்ணீர்ப் பானையோடு நான் நின்றேன். என்னைப் பார்த்தாள். சிலோன் காலத்திலிருந்தே ஒவ்வொரு நாள் விடியலிலும் என்னை எழுப்பச் சொல்வதை அப்படியே சொன்னாள்; கூடைக்குள் அமுங்கின அந்த இழுவை பழகின காதுக்குத்தான் தமிழ் என்று பிடிபடும். நான் சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்தேன். டெல்லிக்காரர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கட்சாலில் அப்போது டிவி கிடையாது. அந்த நாடகத்தை அக்கா பார்க்கவே இல்லை.

டீச்சர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். அப்புறம் மெதுவாகத் தன் தாள்களை எடுத்தாள்.

"மாசி, கங்காணின்னா யாரு?"

"நீ என்னன்னு போட்டிருக்க?"

"அந்தக் கிரகத்தோட கடவுள். பேரச் சொன்னாலே நடுங்குவாங்க."

எனக்கு வயிறு வலிக்கிற அளவுக்குச் சிரிப்பு வந்தது. "வேல வாங்குறவன் டீச்சர். இங்க வந்ததும் சர்க்கார் அவனுக்கு இங்கிலீஷ்ல 'மேட்'னு பேர் வச்சிச்சு. ஆனா நீ போட்டது ஒண்ணும் தப்பில்ல. அவனும் அப்படித்தான் நெனச்சிக்கிட்டிருந்தான்."

"பெரட்டுன்னா, விடியுறதுக்கு முன்னால எல்லாரும் கூடுற எடம்?"

"அட! ஆள் கணக்கு எடுக்குற எடம். ஒனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"வேற காட்சியில கொம்பு ஊதுறாங்க, இருட்டுல எல்லாரும் வந்து நிக்கிறாங்க. அத வச்சுத்தான்." பரீட்சையில் தேறின பிள்ளை மாதிரி துள்ளினாள். "அப்போ சனியனே? நான் 'கண்ணே'ன்னு போட்டிருக்கேன்."

"அதுவும் சரிதான். மாத்தாத," என்றேன்.

அப்புறம் நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். புத்தகத்தில் அக்கா பேரைப் போடு என்றேன். டீச்சர் முகம் சுருங்கியது. அந்த வார்த்தைகளைத் தானே உண்டாக்கிப் பேசியதாக அந்த நடிகை முன்பு ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறாளாம். அதை இவளே அச்சடித்திருக்கிறாள். இந்தப் புத்தகம் தொடங்கினதே அந்த அம்மா கொடுத்த தைரியத்தில்தான். இப்போது வயசாகி, பம்பாயில் தனியாக இருக்கிறாள்.

"அவங்க பொய் சொன்னாங்கன்னு நான் எப்படிப் போடுவேன் மாசி?"

"எங்க அக்காவுக்குக் குழி கெடயாது, படம் கெடயாது. இந்தக் கொரலு ஒண்ணுதான் இருக்கு. அதுமேல நீ இன்னொருத்தி பேர ஒட்டி வச்சிருக்க." எழுந்து வந்துவிட்டேன்.

சில நாள் பேச்சு இல்லை. குழாயடியில் "மாசி" என்பாள், நான் வாளியைப் பார்ப்பேன். ஆனால் நினைத்துப் பார்த்தால் அந்த நடிகைமேல் எனக்குக் கோபம் வரவில்லை. கப்பல் ஏறும்போது அக்கா கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றவள் அவள். ஞாயிற்றுக்கிழமை நானே போய்க் கதவைத் தட்டினேன். "போன் போடு. நான் பேசுறேன். சண்ட போட மாட்டேன்."

டீச்சர் ஸ்பீக்கரில் போட்டாள்; வந்த குரல் தேய்ந்துபோயிருந்தது. "கட்சாலா? எனக்குத் தலையில ஈரத்துணி போட்டாளே, அந்தப் பொண்ணா?"

"துணி போட்டது நான். ஒங்க உடுப்ப மாட்டிக்கிட்டு நின்னது எங்க அக்கா."

"அவ எப்படி இருக்கா?"

"சுனாமியில போயிட்டா மேடம்."

அவள் அறையில் ஃபேன் சுற்றுவது எனக்குக் கேட்டது. டீச்சர் துப்பட்டா நுனியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் அந்த ஒரு காட்சிக்குத்தான் என்ன ஞாபகம் வச்சிருக்காங்க," என்றாள் அந்த அம்மா. "நான் இல்லன்னு சொன்னா எனக்கு என்ன மிஞ்சும்னு பயந்துட்டேன் தங்கச்சி."

"மத்ததெல்லாம் நீங்கதான மேடம்? அந்த ரப்பருக்குள்ள வெந்துக்கிட்டு நின்னத நாங்க பாத்தோமே. அதையும் சேத்துப் போடச் சொல்லுங்க."

அந்த அம்மா டீச்சரைக் கூப்பிட்டாள். "எழுதிக்கோ. அன்னைக்கு நான் மரத்தடியில படுத்திருந்தேன். நின்னவளும் பேசினவளும் அவதான்." கொஞ்சம் நிறுத்தி என்னிடம், "அவ என்னதான் சொன்னா?" என்று கேட்டாள். சொன்னேன்.

"வேலைக்கு நேரமாச்சின்னா?" சிரிப்பு இருமலாகிவிட்டது. "அதக் கேட்டு நாடே அழுதிச்சே!"

போனை வைத்ததும் டீச்சரிடம் ஒன்று சொன்னேன். "அக்கா பேர மட்டும் தமிழ் எழுத்துல போடு. நான் படிக்கணும்." நான் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் ரெண்டாம் வகுப்பு வரைக்கும்தான். எழுத்துக் கூட்டினால் படித்துவிடுவேன். எங்கேயும் கைநாட்டு வைத்ததில்லை.

அச்சாகி வந்த தாள்களைக் கட்டோடு என் முன்னால் வைத்துப் பக்கத்தைத் திறந்தாள். கூடைத் தலையோடு அக்கா படம் பெரிதாக இருந்தது, கீழே பேர். எழுத்துக் கூட்டினேன். இடிக்கிறது. மறுபடி கூட்டினேன். கடைசி எழுத்துக்குமேல் புள்ளி இல்லை. டவுன் கடைக் கம்ப்யூட்டர் விழுங்கிவிட்டது.

டீச்சருக்கு அழுகை வந்துவிட்டது. "திரும்ப அடிக்கச் சொல்றேன் மாசி."

"ஒரு புள்ளிக்கா? பேனா எடு."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு புள்ளி வைத்தேன். அதைப் பார்த்துவிட்டு அவள் கட்டு முழுவதையும் என் பக்கம் நகர்த்தினாள். அவள் பக்கத்தைத் திறந்து நீட்டினாள், நான் புள்ளி வைத்தேன், அவள் மடித்துப் பின் அடித்தாள். எல்லாவற்றுக்கும் நான்தான் வைத்தேன்.