எட்ஃபு கோயிலின் உள்ளறை

மெல்பேர்ன் அருங்காட்சியகம் ஒன்றில், எகிப்தின் எட்ஃபு கோயிலுடைய மர மாதிரியின் முன் நிற்கிறேன். அழைத்து வந்தவர்கள் ட்ருகனினா என்ற புறநகரில் இருக்கும் அங்கிளும் அன்ரியும். அந்தப் புறநகரில் கட்டிக்கொண்டிருக்கும் பிள்ளையார் கோயிலின் கமிட்டியில் இருவரும் இருக்கிறார்கள். பின்வரிசைக்கும் சாமி தெரிய மூலஸ்தானத்தில் எல்.ஈ.டி. விளக்கு வேண்டும் என்பது அன்ரி கட்சி. கூடாது என்பது அங்கிள் கட்சி. நாளை வாக்கெடுப்பு.

"இஞ்ச பாரும். உள்ளுக்குப் போகப் போகத் தளம் உயருது, கூரை பதியுது. சாமி கடைசி இருட்டுக்குள்ள," என்கிறார் அங்கிள்.

"எப்படி இவ்வளவு முழுசா இருக்கு?" என்கிறேன்.

"எகிப்தை ஆண்ட கிரேக்க ராசாக்கள் கட்டினது. பிறகு மணல் மூடி, கூரைக்கு மேல சனம் வீடு கட்டி இருந்ததாம்."

"கமிட்டி இல்லாதபடியால் தப்பிச்சுது," என்கிறார் அன்ரி. பழக்கதோஷத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு, குனிந்து அந்தக் குட்டி வாசல் வழியே பார்க்கிறார். காவலாளி சிரிப்பை அடக்குகிறார்.

"ஒண்டும் தெரியேல்லை."

அங்கிளின் முகம் சுருங்குகிறது. அன்ரி நிமிரவில்லை.

"பொறுங்கோ, கண் பழகுது... ஓம், இப்ப தெரியுது. கடைசியில ஒரு சின்ன மாடம்."

"அப்ப?" என்கிறார் அங்கிள்.

"ஒரு நெய்விளக்கு மட்டும் வைப்பம்," என்கிறார் அன்ரி, குனிந்தபடியே.