செஞ்சிக்குப் புறப்பட்ட ரொட்டி வேன்

1960-ஆம் வருடம், மாசி மாதம் நடந்தது இது. அப்போது நாங்கள் புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் குடியிருந்தோம். எனக்கு இருபத்திரண்டு வயது. கல்யாணமாகி மூன்று வருடம். என் கணவர் டவுனில் ஒரு ரொட்டிக் கடையில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். விடியற்காலையில் ரொட்டி ஏற்றிக்கொண்டு போனால் ஒன்பது மணிக்குத்தான் திரும்புவார்.

என் அண்ணன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாய். எங்கள் ஊரில் 'சொல்தா' என்போம். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது எனக்குப் பத்து வயது, அவருக்குப் பத்தொன்பது. என்னைச் சித்தி வீட்டில் விட்டுவிட்டு, எனக்காகத்தான் பட்டாளத்தில் சேர்ந்தார். அதற்குப் பிறகு அண்ணன் என்றால் எனக்குத் தபால்காரர் கொண்டுவரும் உறைதான். என் கல்யாணத்துக்குக்கூட அவரால் வர முடியவில்லை.

அந்த வருடம் இரண்டு மாத லீவில் வந்திருந்தார். திரும்பிப் போனதும் இன்னும் ஐந்து வருடத்துக்குக் கையெழுத்துப் போடலாம், வேண்டாம் என்றால் பட்டாளத்தை விட்டு வந்துவிடலாம். முடிவு அவர் கையில். "போகாதே அண்ணே, இங்கேயே இருந்துவிடு" என்று கேட்க வேண்டும் என்று என் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஆனால் வீட்டில் எங்கே பேச முடிந்தது? காலையில் பல் விளக்கும்போதே யாராவது வந்து நிற்பார்கள். பாதிப் பேருக்குத் தங்கள் மகனைப் பட்டாளத்தில் சேர்த்துவிட வேண்டும். மீதிப் பேருக்கு அவர் சண்டைக்குப் போன சைகோன் கதை கேட்க வேண்டும்.

இந்த நேரத்தில் ரொட்டிக் கடையின் சூளை அடுப்பு விரிசல் விட்டு, அதை இடித்துக் கட்ட மூன்று நாள் ஆகும் என்றார்கள். வேன் சும்மா நிற்கும். என் கணவர் கேட்டதும் முதலாளி கொடுத்துவிட்டார். மூன்று பேரும் செஞ்சிக்குப் போய் மலையடியில் வேனை நிறுத்தி அங்கேயே சமைத்து, அங்கேயே தூங்கி வருவது என்று நான்தான் திட்டம் போட்டேன். பட்டாளத்தில் அப்படி வண்டியிலேயே வாழ்ந்த கதைகளை அண்ணன் கடிதம் கடிதமாக எழுதியிருந்தார். எனக்கும் அதில் ஒரு ஆசை. அதைவிடப் பெரிய ஆசை, மலைக்கு எதிரே அண்ணனைத் தனியாக உட்கார வைத்து அந்த ஒரு வார்த்தையைக் கேட்பது.

சும்மா சொல்லக்கூடாது, நான் அந்த வேனை ஜோடித்த அழகே அழகு. உள்ளே இரண்டு பக்கமும் ரொட்டி அடுக்கும் மரச்சட்டத் தட்டுகள் இருக்கும். நான்கு தட்டுகளைக் கழற்றி, குறுக்கே போட்டுக் கயிற்றால் கட்டினால் கட்டில் தயார். மாவு மூட்டைத் துணியைப் பிரித்துத் தைத்து வைக்கோல் அடைத்து மெத்தை செய்தேன். அதே துணியில் நான்கை ஒட்டுத் தைத்து, மெழுகை உருக்கித் தடவிக் கூரைத் துணி ஆக்கினேன். வேன் மேலிருந்து இழுத்து இரண்டு மூங்கிலில் கட்டினால் பனி இறங்காது. பம்ப் ஸ்டவ்வுக்குக் காற்று அடிக்காமல் இருக்க ஒரு பிஸ்கட் டின்னை வெட்டிச் சுற்றி வைத்தேன். என் கணவர், "மூணு நாளைக்குப் போறமா, முப்பது வருசத்துக்கா?" என்று கிண்டல் செய்தார். நான் காதிலேயே வாங்கவில்லை.

தண்ணீருக்குத்தான் மண்டையை உடைத்துக்கொண்டேன். குடத்தில் கொண்டுபோனால் முதல் பள்ளத்திலேயே பாதி சிந்திவிடும். பானை உடையும். கடைசியில் பாட்டிலில் எடுத்துப் போகலாம் என்று முடிவு செய்தேன். எங்கள் ஊரில் பாட்டில் என்றால் ஒயின் பாட்டில்தான். எண்ணெய், தேன், கஷாயம் எல்லாம் அதில்தான் இருக்கும். பதினாறு பாட்டில் சேர்த்துக் கழுவி, தண்ணீர் நிரப்பி, கார்க்கை அடித்து இறுக்கி, மீதமிருந்த ரொட்டித் தட்டுகளில் படுக்க வைத்தேன். அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்தன. ஸ்டவ்வைப் பற்றவைக்கக் கொஞ்சம் ஸ்பிரிட் வேண்டுமே, அதைப் பதினேழாவது பாட்டிலில் ஊற்றி வைத்தேன்.

அண்ணன் பார்த்துவிட்டு, "எங்க பட்டாளத்து சார்ஜன் பாத்தா உன்ன சேத்துக்குவாரு பாப்பா" என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

காலை ஆறரைக்குக் கிளம்பினோம். கோரிமேட்டைத் தாண்டியதும் சென்னை ராஜ்ய எல்லை. அங்கே மதுவிலக்கு. வேனை நிறுத்திப் பின்கதவைத் திறந்த போலீஸ்காரர் அப்படியே நின்றுவிட்டார். வரிசையாகப் பதினேழு ஒயின் பாட்டில்! ஒன்றிரண்டில் லேபிள்கூட ஒட்டியபடி இருந்தது.

இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. எங்கள் வீட்டில் யாரும் குடியைத் தொடமாட்டார்கள். அதனாலேயே எனக்கு அந்த நினைப்பே வரவில்லை. என் கணவர் ஊருக்குள்ளேயே வண்டி ஓட்டுகிறவர். அண்ணனோ பட்டாளத்துச் சாப்பாட்டு மேசையில் அந்தப் பாட்டிலைத் தினமும் பார்க்கிறவர். மூன்று பேரில் ஒருவருக்காவது தோன்ற வேண்டாமா?

வயதான ஏட்டையா ஒருவர் வந்து ஒவ்வொரு பாட்டிலாகத் திறந்து மோந்து பார்த்தார். பதினாறும் தண்ணீர். பதினேழாவதைத் திறந்ததும் முகம் மாறிவிட்டது.

"இது இன்னாம்மா?"

"ஸ்டவ்வுக்கு ஸ்பிரிட்டுங்க."

"அதை நான் முடிவு பண்ண முடியாதும்மா. இன்ஸ்பெக்டர் ஐயா கோர்ட்டுக்குப் போயிருக்கார். சாயங்காலம் வந்துருவார். அதுவரிக்கும் வண்டி நகரக்கூடாது."

அவர்மேல் தப்பே இல்லை. வேலையைத்தான் செய்தார். வெயில் ஏறியதும் வேனைப் புளியமரத்தடிக்கு நகர்த்திக்கொள்ளச் சொன்னார், தன் மண்பானையிலிருந்து மோர்கூடக் கொடுத்தார். ஆனால் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வீட்டிலிருந்து மூன்று மைல்கூட வரவில்லை, அதற்குள் இப்படியா! அரை மணிக்கு ஒரு தரம் போய் நிற்பேன். அழுது பார்த்தேன், சண்டை போட்டுப் பார்த்தேன். ஸ்டவ்வை எடுத்துப் போய் அவர் மேசைமேலேயே வைத்துக் காட்டினேன். "நீ குடிக்கிறவன்னு நான் சொன்னனாம்மா?" என்று அவர் பரிதாபமாகக் கேட்டார்.

அண்ணன் மட்டும் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை. நான் தைத்த கூரைத் துணியை இழுத்துக் கட்டினார். வைக்கோல் மெத்தையை மர நிழலில் விரித்தார். சுள்ளி பொறுக்கி மூன்று கல் வைத்துக் கஞ்சி காய்ச்சினார். என் கணவர் சாப்பிட்டுவிட்டு வண்டிக்குள் தூங்கிப் போனார். அண்ணன் அந்த மெத்தையில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு நிம்மதியான முகத்தை அந்த லீவில் நான் வேறெப்போதும் பார்க்கவில்லை.

"பாப்பா, வந்து உக்காரு. எங்க இருந்தா இன்னா?" என்று ஒரு தடவை கூப்பிட்டார். "இரு அண்ணே" என்று சொல்லிவிட்டு மறுபடி செக்போஸ்ட்டுக்கு நடந்தேன். கஞ்சி ஆறுகிறது என்று இன்னொரு தடவை கூப்பிட்டார். நின்றுகொண்டே குடித்தேன்.

மூன்றாவது தடவை எழுந்து என் பக்கத்திலேயே வந்தார். "உங்கிட்ட ஒண்ணு பேசணும் பாப்பா" என்றார்.

"செஞ்சிக்குப் போய்ப் பேசிக்கலாம்ணே" என்றேன்.

அவர் சரி என்று தலையாட்டிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார். எனக்குப் பேச வேண்டியது இருந்தது, கேட்க அவர் இருந்தார், ஒரு பகல் முழுக்க யாரும் குறுக்கே வரவில்லை. நான் எதற்காக அந்த வேனை அப்படி ஜோடித்தேனோ அது என் கண்முன்னால் புளியமரத்தடியில் நடந்துகொண்டிருந்தது. எனக்குத்தான் அது தெரியவில்லை. மலை வர வேண்டும், அப்போதுதான் கேட்பேன் என்று அடம்பிடித்த மாதிரி, மனசெல்லாம் செஞ்சியிலேயே இருந்தது.

இன்ஸ்பெக்டர் சாயங்காலம்தான் வந்தார். நல்ல மனிதர். அந்த ஸ்பிரிட்டை மண்ணில் கொட்டச் சொல்லிவிட்டு, "கேஸ் எதுவும் போடலை. வந்த வழியே திரும்பிப் போயிடுங்க" என்றார். ஊருக்குள் நுழைவதற்குள் விஷயம் எங்களுக்கு முன்னால் போய்விட்டிருந்தது. தெருவே சிரித்தது. மறுநாள் கிளம்பலாம் என்றேன். என் கணவர், முதலாளி காதுக்குப் போனால் வேலைக்கே ஆபத்து என்று மறுத்துவிட்டார். அண்ணனைப் பார்க்க மறுபடி ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். செஞ்சி இல்லையென்றால் வேறு நல்ல நேரம் வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். லீவு முடிந்தது. கப்பலேறிப் போனவர் அங்கே கையெழுத்தும் போட்டுவிட்டார்.

இரண்டு வருடம் கழித்து, புதுச்சேரிக்காரர்களை இந்தியா, பிரான்ஸ் இரண்டில் எந்த நாட்டுப் பிரஜையாக இருக்கப் போகிறோம் என்று எழுதிக் கொடுக்கச் சொன்ன சமயத்தில், பிரான்ஸ் பக்கமே எழுதிக் கொடுத்துவிட்டதாக அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. நான் அழுதுகொண்டே பதில் எழுதினேன். கடைசியில், அன்றைக்கு செக்போஸ்ட்டில் என்ன பேச வந்தாய் என்று கேட்டிருந்தேன். அவர் பதில் எனக்கு மனப்பாடம்.

"போகாதே என்று நீ சொன்னால் கையெழுத்துப் போடுவதில்லை என்று நினைத்திருந்தேன் பாப்பா. தங்கை புருஷன் வீட்டில் இருக்கட்டுமா என்று நானாக எப்படிக் கேட்பது? அதைக் கேட்கத்தான் அன்றைக்கு எழுந்து வந்தேன். நீ பிறகு பேசலாம் என்றாய். உனக்கு இஷ்டமில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்."

எனக்கு இஷ்டமில்லையாம்! அந்த வரியைப் படித்ததும் காகிதம் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கம் பக்கமாக எழுதிப் போட்டேன். "தெரியும் பாப்பா, அழாதே" என்று பதில் வந்தது. ஆனால் அதற்குள் அவருக்கு அங்கே ஒரு குடும்பம் அமைந்துவிட்டது. அண்ணன் அங்கேயே வாழ்ந்து அங்கேயே போய்ச் சேர்ந்தார். நான் ஒருமுறைகூட அவரோடு உட்கார்ந்து நிதானமாகப் பேசியதில்லை.

இப்போது வீட்டில் யார் வந்து "ஒண்ணு பேசணும்" என்றாலும் அடுப்பை அணைத்துவிட்டு நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிடுகிறேன். நான் கேட்க ஏங்குகிற குரல் மட்டும் அதைச் சொல்ல இனி வராது.